இழுக்கக் கூடாத கயிறு

மொட்டை மாடியில் சாக்கு உரசும் சத்தம் கேட்கிறது. என் அப்பா மணல் மூட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறார். மூட்டையின் கழுத்தில் கயிற்றைக் கட்டி மாடியின் ஒரு கோடியில் வைத்துவிட்டு, மறு கோடியில் காலை அகட்டி நின்றுகொண்டு கையால் இழுக்கிறார். காலடிக்கு வந்ததும் அதைத் தூக்கிப் போய்ப் பழைய இடத்திலேயே வைக்கிறார். திரும்ப வந்து இழுக்கிறார். எழுபதைத் தாண்டிய மனுஷன். ஆம்பூர் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு, உள்ளங்கை சிவக்க இறங்கி வந்து, "இன்னிக்குப் பரவால்லம்மா, கை கொஞ்சம் நிக்குது" என்பார். நான் டீயை நீட்டுவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. அப்பாவின் முன்னால் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்கிறது.

என் தம்பி ஒரு கிணற்றுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்தில் செத்துப்போனான். அன்றைக்குக் கயிறு அப்பாவின் கையில் இருந்தது. தன் கையில் பலம் போய்விட்டதால்தான் அவனை இழுத்து வர முடியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று யோசித்து யோசித்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அப்பா தோல் பதனிடும் டேனரியில் கயிறு பிடித்தவர். தோல் ஊறிய தண்ணீரெல்லாம் கடைசியில் போய்ச் சேரும் மூடிய தொட்டி ஒன்று இருக்கும். மேலே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வாய். உள்ளே சகதி, அந்தச் சகதியிலிருந்து கிளம்பும் விஷக்காற்று. ரெண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி. அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்குபவனுக்கு அந்தக் காலத்தில் முகமூடியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இடுப்பில் கட்டிய கயிறுதான் எல்லாம். அந்தக் கயிற்றின் மறுமுனை சொந்தக்காரன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அண்ணன், தம்பி, மச்சான், மாமன் யாராவது. அசலான் என்றால் சூப்பர்வைசரைக் கேட்பான், எட்டிப் பார்ப்பான், யோசிப்பான். சொந்தக்காரன் யோசிக்க மாட்டான், இழுப்பான். மேலிருந்து வெடுக்கென்று இரண்டு தடவை சுண்டினால் உள்ளே இருப்பவன் பதிலுக்கு ஒரு தடவை சுண்ட வேண்டும். பதில் வரவில்லையென்றால் கேள்வியே கிடையாது, இழு.

அந்தச் சுண்டலுக்கு அவர்கள் 'வெட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பாவின் வெட்டு தனி. சின்னதாக ஒன்று, அதைவிடச் சின்னதாக இன்னொன்று, அப்புறம் பதில் வராவிட்டால் தோளிலிருந்து கிளம்பும் ஒரே நீள இழுப்பு. மேல்விஷாரத்து ஆள் ஒருவர் அப்படித்தான் பிழைத்தார். அன்றைக்கு அவருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. வழக்கத்தை விட முடியுமா? அப்பா அவரைத் தன்னை ஒரு தடவை மாமா என்று கூப்பிடச் சொல்லிவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டாராம். உள்ளே போனவர் மயங்கி விழுந்தார், அப்பா இழுத்துப் போட்டார். இன்றைக்கும் பக்ரீத்துக்கு அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தேக்சா நிறைய பிரியாணி வந்துவிடும். "மாமா இல்லைன்னா நான் அந்தச் சேத்துலயே போய்ட்டிருப்பேன்" என்று வருஷம் தவறாமல் சொல்லிவிட்டுப் போவார்.

நான் ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பாதுகாப்பு விதி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வரும். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் அன்றைக்குக் கையுறை வரும், மாஸ்க் வரும், எமர்ஜென்சி கதவுக்கு முன்னால் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகள் மாயமாகும். கார் கேட்டைத் தாண்டியதும் எல்லாவற்றையும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். "இன்னாடி, இன்னிக்குத் தொரை வர்றாரா?" என்று நாங்கள் ஒருவருக்கொருவர் கேலி பண்ணிக்கொள்வோம். விதி என்பது சுவரில் மாட்ட. அதற்குக் கீழே நாங்கள் பிழைக்க. இப்படியே பழகிப்போன எனக்கு விதியை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு தம்பி வந்து வாய்த்தான்.

அவன் பாண்டிச்சேரியில் கடலுக்கடியில் மூழ்கும் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொடுத்தான். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய், காலில் வாத்துக்கால். எங்கள் பக்கத்தில் பாலாற்றில் மணல்தான் இருக்கும், தண்ணீர் இருக்காது. இந்த ஊரிலிருந்து ஒருத்தன் கடலுக்கடியில் வாத்தியார் வேலைக்குப் போனான் என்றால் யார் நம்புவார்கள்? சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் அவனைப் பார்த்து, "இன்னாப்பா, மீன் புடிக்கிறியா?" என்று கேட்பார்கள். அவனும் கோபப்படாமல், "ஆமா மாமா, வஞ்சிரம் வேணுமா?" என்பான்.

சில வருஷத்துக்கு முன் நல்ல மழை. கிணறுகளெல்லாம் நிரம்பின. குடியாத்தம் பக்கம் ஒரு கிணற்றில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் குளிக்க இறங்கி மூழ்கிவிட்டான். லீவில் வந்திருந்த தம்பியைக் கூப்பிட ஆள் வந்தது. நானும் கூடப் போனேன். எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகளில் ஒரு சங்கதி உண்டு. தண்ணீர் வற்றிய காலத்தில் ஊற்றைத் தேடி, கிணற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில், ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குப் பாறையைக் குடைந்து வைத்திருப்பார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் அந்தச் சுரங்கம் கண்ணுக்குத் தெரியாது. தம்பி கிணற்றை முழுக்கத் துழாவிவிட்டு மேலே வந்தான். "பையன் சுரங்கத்துக்குள்ள போயிருக்கான். நான் உள்ள போக மாட்டேன். அதுக்கு நான் பயிற்சி எடுக்கல" என்றான்.

கூட்டம் கொதித்துவிட்டது. "டப்பா மாட்டினு வந்து ஷோ காட்றான்டா" என்று ஒருத்தன். "பயந்தாங்கொள்ளி" என்று ஒருத்தன். அந்தப் பையனின் அம்மா ஒரு பிடி மண்ணை வாரி அவன் மேல் வீசினாள். ஈரத்தில் அது அவன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. அவளை நான் ஒன்றும் சொல்லவில்லை, பெற்றவள். மற்றவர்களை விடவில்லை. "அவ்ளோ அக்கறை இருக்கிறவன் நீ எறங்குடா பாக்கலாம்!" என்று கத்தினேன். தம்பி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அந்தப் பிள்ளை தானாக மிதந்து வரும் வரை ஜனங்கள் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அவன் எனக்குப் புரியவைத்தான். "கடல்ல இன்னா ஆனாலும் நேரா மேல வந்துடலாம்க்கா. தலைக்கு மேல வானம் இருக்கு. குகை, மூழ்கின கப்பல், கிணத்துச் சுரங்கம், இங்கெல்லாம் தலைக்கு மேல கூரை. மூச்சு முட்டினாலும் போன வழியாவேதான் வெளிய வரணும். கடல்ல பெரிய ஆளா இருக்கிறவன்கூட அதுல தெரியாமப் போனா செத்துடுவான். அதுக்குன்னு தனி விதி இருக்கு, தனிப் படிப்பு இருக்கு. அதைப் படிக்காம வாசல்கூடத் தாண்டக் கூடாது."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னைக் கூப்ட்டிருக்கலாம்ல? இடுப்புல கவுறு கட்டினு எறங்கினா நான் புடிச்சினு இருந்திருப்பேன்" என்றார்.

"இது டேனரி தொட்டி இல்லப்பா."

"தொட்டின்னா இன்னா, கெணறுன்னா இன்னா? உள்ள ஒருத்தன், மேல ஒருத்தன். அவ்ளோதான்டா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அந்த மண் தம்பியின் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு, பாண்டிச்சேரியில் குகை டைவிங் தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தான். அவருக்கு என் வயதுதான் இருக்கும், அதிகம் பேசாத மனிதர். அவரோடு எங்கெங்கோ போய்ப் படித்து, சுரங்கத்தின் முதல் கட்டம் வரை சொல்லிக்கொடுக்கலாம் என்ற தகுதியோடு வந்தான். முதல் கட்டம் என்றால், உள்ளே போனவன் திரும்பிப் பார்த்தால் வாசல் வெளிச்சம் தெரிய வேண்டும், அந்த எல்லை வரை. எங்கள் பக்கத்தில் கிணற்றுச் சாவு விழும்போது உடனே இறங்க நாலு பேரையாவது தயார் பண்ண வேண்டும் என்பது அவன் ஆசை. ஆசை என்ன, வெறி.

அவன் விதிகள் எனக்கு மனப்பாடம். காற்றை மூன்று பங்காக்கு, ஒன்று போக, ஒன்று வர, ஒன்று கூட வந்தவனுக்கு ஏதாவது ஆனால். ஒரு விளக்கு போதாது, மூன்று வேண்டும். அடியில் இருக்கும் வண்டலைக் காலால் கிளப்பாதே, கிளம்பினால் கண்ணுக்கு முன்னால் கை தெரியாது. வாசலுக்கு வெளியிலிருந்து உள்ளே வரை ஒரு மெல்லிய நூல் கயிறு அறுபடாமல் போக வேண்டும். இருட்டில் அந்த நூலைக் கையால் தடவிக்கொண்டே வெளியே வர வேண்டும். உயிரே போனாலும் நூலை விடாதே. இதையெல்லாம் தண்ணீரில் செய்வதற்கு முன் தரையில், கண்ணைக் கட்டிக்கொண்டு, சலிக்கும் வரை செய்.

எங்கள் வீட்டைச் சுற்றித்தான் தரைப் பயிற்சி நடந்தது. முருங்கை மரத்தில் கட்டி, மாடிப்படியைச் சுற்றி, துணிக்கொடிக் கம்பி வரைக்கும் நூல். முதல் மாணவர் வேலூர் லாங் பஜாரில் மோட்டார் கடை வைத்திருப்பவர், மீசைக்காரர். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் வாசலில் தவழ்ந்ததைத் தெருவே நின்று பார்த்தது. தம்பியும் தானே துண்டைக் கட்டிக்கொண்டு செய்து காட்டுவான். எனக்குக் குறும்பு. ஒரு நாள் அவனுக்குத் தெரியாமல் நூலைத் தண்ணித் தொட்டிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவிலிருக்கும் சந்தில் நுழைத்து இழுத்துக் கட்டிவிட்டேன். தடவிக்கொண்டே வந்தவன் அங்கே நின்றுவிட்டான். கையைச் சந்துக்குள் விட்டான், தோள் போகவில்லை. திரும்பிப் படுத்தான், போகவில்லை. "கை போகுது, உடம்பு போகலையே!" என்றான். அப்பா சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். துண்டை அவிழ்த்த தம்பி மட்டும் சிரிக்கவில்லை. "நல்லா பாத்துக்கங்க. இதுதான் சாவு. நூல் போற இடத்துல உடம்பும் போகணும். நூல் சந்துக்குள்ள மாட்டிக்கிச்சுன்னா ஆள் உள்ள, வாசல் வெளிய" என்று மோட்டார் கடைக்காரரிடம் சொன்னான்.

இன்னொரு நாள் அவன் கண்கட்டோடு வரும்போது நூலின் முனையை அப்பா விளையாட்டுக்குப் பிடித்து லேசாகச் சுண்டினார். "அந்தப் பக்கம் அப்பா" என்றான் உடனே. நான் பிடித்துச் சுண்டினேன். "இது அக்கா." நாங்கள் மாற்றி மாற்றிப் பிடித்தோம். ஒரு தடவைகூடத் தவறவில்லை. "எப்படிடா?" என்றேன். "அப்பா வெட்டு எனக்குத் தெரியாதாக்கா? அதைப் பாத்துதானே வளந்தோம்" என்றான். அப்பாவுக்கு அன்றைக்கெல்லாம் பெருமை. டீக்கடையில் போய் அதையும் சொல்லிவிட்டு வந்தார்.

பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில், பாழாய்ப்போன ஒரு கிணற்றைத் தண்ணீர்ப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பாண்டிச்சேரிக்காரரும் வந்திருந்தார். மேலே மோட்டார் தூணிலிருந்து கிணற்றின் அடி வரைக்கும் ஒரு தடித்த கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஏறுவதற்கு. அதன் முனையில் ஓர் இரும்பு எடை. அந்த எடையில் கட்டி, அங்கிருந்து சுரங்கத்துக்குள் போனது மெல்லிய நூல். வாசலில் ஒரு பாறை மூக்கில் அதை இன்னொரு சுற்று சுற்றியிருந்தார்கள். மேலே யாரும் கயிற்றைத் தொடக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது பாண்டிச்சேரிக்காரர் வேலை. அப்பாவிடம் தம்பி முன்பே சொல்லியிருந்தான்: "நீ அந்தப் பக்கமே வராதப்பா. உனக்கு அங்க பேஜார்தான்."

கேட்பாரா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து, "பசங்க காலையில இருந்து தண்ணியில கெடக்கிறாங்க, வயித்துக்கு இன்னா பண்ணுவாங்க?" என்று கோழிக்குழம்பும் சோறும் கட்டச் சொன்னார். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் வீட்டில் இருந்தேன். அதற்கப்புறம் நடந்ததை மோட்டார் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தம்பியும் அவரும் சுரங்கத்துக்குள் இருந்தார்கள். விளக்கை அணைத்துவிட்டு நூலைத் தடவிக்கொண்டே வெளியே வரும் பயிற்சி. மாணவன் முன்னால், வாத்தியார் சில கை தூரம் பின்னால், அதுவும் விதி. மோட்டார் கடைக்காரர் வாசலைத் தாண்டித் தடித்த கயிற்றைப் பிடித்து மெல்ல மேலே வந்தார். அந்த நேரம் பார்த்து வேனில் காற்று அடைக்கும் மெஷின் நின்றுபோக, பாண்டிச்சேரிக்காரர் அதைப் பார்க்க நாலு எட்டு போயிருந்தார். கிணற்று மேட்டில் அப்பா, கையில் டிபன் கேரியர். தண்ணீரிலிருந்து ஒரு தலை வந்தது. அது அவர் பையன் இல்லை.

"எங்கப்பா என் பையன்?"

மோட்டார் கடைக்காரர் வாயில் குழாயோடு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினார். எல்லாம் சரி, பின்னால் வருகிறான் என்று அவர்கள் பாஷை. அப்பாவுக்கு அது என்ன தெரியும்? அவருக்குத் தெரிந்தது ஒரு கயிறு. அது அவர் கண்ணெதிரே தூணிலிருந்து கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. கேரியரைக் கீழே வைத்தார். கயிற்றைப் பிடித்தார். ரெண்டு வெட்டு வெட்டினார். பதில் வரவில்லை. எங்கிருந்து வரும்? தம்பி அந்தக் கயிற்றில் கட்டப்பட்டிருக்கவே இல்லை.

அவர் யோசிக்கவில்லை, இழுத்தார்.

"இழுக்காதீங்க பெரியவரே! உடுங்க!" என்று மோட்டார் கடைக்காரர் குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினாராம். கத்தலைக் கேட்டதும் அப்பா இன்னும் வேகமாக இழுத்தார். கயிறு கொஞ்சம் வந்தது. அப்புறம் கனத்தது. "வர்றான், வர்றான், கனம் தெரியுது" என்று அவர் சொன்னது மோட்டார் கடைக்காரரின் காதை விட்டு இன்னும் போகவில்லை. அந்தக் கனம் என் தம்பி இல்லை. எடை மேலே கிளம்பியதும் அதில் கட்டிய நூல் விறைத்து, வாசல் பாறை மூக்கிலிருந்து நழுவி, பக்கத்தில் பாறை வெடித்திருந்த சந்துக்குள் போய் இறுகிக்கொண்டது. என் அப்பா பாறையை இழுத்துக்கொண்டிருந்தார். இழுக்க இழுக்க அது இன்னும் இறுகியது. கிளம்பிய வண்டலில் வாசல் வெளிச்சமும் மறைந்தது, விளக்கும் உதவவில்லை. பாண்டிச்சேரிக்காரர் ஓடி வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கயிற்றை வாங்க முடிந்தது.

சிலிண்டரை மாட்டிக்கொண்டு உள்ளே போனவர் அவர்தான். வண்டல் கலங்கி ஒன்றும் தெரியாமல், வேறொரு நூலைக் கட்டிக்கொண்டு போய் அவனைக் கண்டுபிடித்தார். பிணவறைக்கு வெளியே, அப்பா தள்ளி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, என்னிடம் சொன்னார்: "சந்துக்கு உள்பக்கம் இருந்தான்க்கா. வாசல் பக்கத்துலயே. கை அந்த நூல் மேலதான் இருந்தது. கடைசி வரைக்கும் விடல."

"விட்டிருந்தா?" என்றேன்.

"விடக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்று சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

நல்லா இருக்குடா உங்க விதி என்று கத்த வேண்டும்போல இருந்தது. கையுறையை எண்ணித் திரும்ப வாங்கும் கம்பெனியில் நான் பத்திரமாக இருக்கிறேன். எல்லா விதியையும் கடைப்பிடித்தவன் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிறான். கடவுள் இருந்தால் கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டாமா? ஆனால் கத்தவில்லை. பெஞ்சைப் பார்த்தேன். அப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவருகிட்ட மட்டும் சொல்லாதீங்க. உங்க கால்ல விழறேன்" என்று பாண்டிச்சேரிக்காரரிடம் கெஞ்சினேன். அவரும் சொல்லவில்லை, மோட்டார் கடைக்காரரும் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா கையை நீட்டிக் காட்டினார். "கைக்கு வந்துட்டான். கனம் தெரிஞ்சுது. இன்னும் கொஞ்சம் பலம் இருந்திருந்தா போதும்." போதகர் வந்து, கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்றார். எடுத்துக்கொண்டது யார் என்று எனக்குத் தெரியும், நான் தலையைக் குனிந்துகொண்டேன். மேல்விஷாரத்துக்காரர் வந்தார். அப்பாவின் கைகளை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "என்னை இழுத்த கை மாமா இது. பெத்த புள்ளைய இழுக்க முடியாமப் போச்சே" என்று ஓவென்று அழுதார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அப்பா அதை அப்படியே நெஞ்சில் வாங்கிக்கொண்டார். நான் எழுந்து காபி போடப் போனேன்.

போன மாதம் பாண்டிச்சேரிக்காரர் போன் பண்ணினார். பயிற்சியைத் திரும்ப ஆரம்பிக்கப் போகிறார்களாம். இனி எடையில் நூலைக் கட்ட மாட்டார்களாம், பாறையில்தான். இறங்கும் கயிறும் நூலும் ஒன்றையொன்று தொடாதாம். மேலே இருப்பவர் எதற்காகவும் நகரக் கூடாதாம். வீட்டு ஆட்கள் கிணற்று மேட்டில் ஏறக் கூடாதாம். "இதெல்லாம் ஏன்னு சொல்லணும்க்கா. காரணம் சொல்லாம விதிய மட்டும் சொன்னா யாரு கேப்பாங்க? அவன் எப்படிச் செத்தான்னு நான் சொல்லியாகணும்" என்றார்.

"நீங்க அங்க சொன்னா பஸ் ஏறி வந்து இங்க சேந்துடும். எங்கப்பன் அன்னிக்கே செத்துடுவாரு. தம்பி போனது பத்தலையா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு தெரிந்தது, அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. காரணம் தெரியாத விதி எங்கள் கம்பெனிச் சுவரில் மாட்டியிருக்கும் விதிதான்.

பயிற்சி ஆரம்பிக்கும் செய்தி எப்படியோ அப்பாவின் காதுக்கு வந்துவிட்டது. அவர் முகத்தில் எத்தனையோ காலத்துக்கப்புறம் ஒரு தெளிவு. கட்டடம் நடக்கும் இடத்தில் மணல் கேட்டு வாங்கி மூட்டை கட்டினார். "நான் போறேன்மா. இந்த வாட்டி கவுறு என் கையிலதான். கை தேறிடுச்சு. எம்புள்ளைதான் போச்சு, அந்தப் பசங்களாவது பொழைக்கட்டும்" என்றார்.

வேண்டாம் என்றேன், வயசாகிவிட்டது என்றேன், டாக்டர் கூடாது என்றார் என்று பொய் சொன்னேன். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிணற்று மேட்டில் ஏறவிடாமல் தடுப்பார்கள்தான். ஆனால் மகனைப் பறிகொடுத்த கிழவனை எத்தனை பேர் எவ்வளவு நேரம் தடுப்பார்கள்? உள்ளே இன்னொருத்தி பெற்ற பிள்ளை நூலைத் தடவிக்கொண்டு வரும்போது இவர் கை மேலே கயிற்றில் இருந்தால்?

இன்று காலை டீயை எடுத்துக்கொண்டு மாடிக்கே போனேன். மூட்டை பாதி வழியில் நின்றிருந்தது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, தம்பி கண்ணைக் கட்டினு தண்ணித் தொட்டி சந்துல மாட்டினான், ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? நீதானே கட்டினே, குரங்கே." லேசாகச் சிரித்தார். "கை போகுது, உடம்பு போகலன்னான்."

"ஆமாப்பா. நூல் சந்துல மாட்டிக்கிச்சு." டீயைச் சுவர் மேல் வைத்தேன். "கெணத்துலயும் அப்படித்தான்பா. மேல இருந்து இழுத்ததுல."

அவர் கையில் கயிறு இருந்தது. அதைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். கீழே தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, என் பஸ்தான், நான் போகவில்லை.

"அந்தக் கனம்?" என்றார்.

"பாறைப்பா."

தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அவன் கை அந்த நூல் மேலயா இருந்துச்சு?"

"ஆமாப்பா. கடைசி வரைக்கும்."

"மொதல்ல ரெண்டு வெட்டு வெட்டினேன்மா. அப்புறம்தான் இழுத்தேன்." அவர் விரல்கள் கயிற்றில் தாமாகவே அதைச் செய்து காட்டின, சின்னதாக ஒன்று, அதைவிடச் சின்னதாக இன்னொன்று. "அப்போ அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, இழுக்கிறது நான்தான்னு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

"தெரிஞ்சிருக்கும்பா" என்றேன்.